சம்பந்தி அனுப்பிய காட்டுக் காளான்

சின்ன காஞ்சிபுரம்,
ஆவணி, வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் நமச்சிவாயம் அவர்களுக்கு, பரமசிவம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை காந்தாவும் அபிநயாவும் இந்த வரி எழுதும் வரையில் நலம். சம்பந்தி வீட்டாரைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்வதற்கில்லை. அதுதான் விஷயம். தாங்கள் போனை எடுப்பதில்லை என்பது உறவினர் அனைவரும் அறிந்ததால், இதை எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். காளானின் படங்கள் மூன்றும் கூடவே வரும்.

அபிநயாவுக்கு வரும் ஞாயிறு நிச்சயதார்த்தம் என்பது தாங்கள் அறிந்ததே. செவ்வாய்க்கிழமை மாலை மாப்பிள்ளை அருள் முசரவாக்கத்திலிருந்து வண்டியில் வந்து, ஒரு மஞ்சள் பையைக் காந்தாவிடம் கொடுத்தார். "காட்டுல பறிச்சதாம் அத்தை. அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார். பையைத் திறந்தால் காளான். கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிற அடக்கமான காளான் அல்ல. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்பு, தண்டில் ஒரு வளையம், குடைக்கு அடியில் புடவைக் கொசுவம் போல மடிப்பு. வாசனை, மழை பெய்து ஓய்ந்த மண் போல இருந்தது. நல்லதும் அப்படித்தான் மணக்கும், கெட்டதும் அப்படித்தான் மணக்கும் என்று தாங்கள் ஒருமுறை சொன்னது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டிலிருந்து வந்த பண்டத்தை "இது விஷமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. ஆகவே எங்களுக்குள்ளேயே விசாரணை நடத்தினோம். அபிநயா தன் போனில் ஏதோ செயலியை இறக்கி மூன்று படம் எடுத்தாள். முதல் படத்துக்கு நாக்கு சுளுக்கும் ஒரு பெயர் வந்தது. இரண்டாவதற்கு வேறு பெயர். மூன்றாவதற்கு, இது உண்ணத்தக்கது, ஆனால் உயிரைக் கொல்லும் இன்னொன்றும் அச்சாக இதைப் போலவே இருக்கும் என்று வந்தது. காந்தா தன் வெள்ளிக் கொலுசைப் போட்டுக் காளானைக் கொதிக்க வைத்தாள். வெள்ளி கறுத்தால் விஷம் என்று யாரோ சொன்னார்களாம். கொலுசு கறுப்பாகத்தான் வெளியே வந்தது. அது போன தீபாவளியிலிருந்தே கறுப்பு என்பதைப் பிறகு சொன்னாள். வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு துண்டு வைத்துப் பார்க்கலாம் என்றேன். "ஏங்க, அதுக்குக் கல்யாணம் ஆவலன்னா உயிரும் இல்லியா?" என்று கேட்டுவிட்டாள்.

கடைசியில் எதிர்வீட்டு தேவசகாயத்தை அழைத்தேன். முப்பது வருடம் பட்டும் சரிகையும் சோதித்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருளைப் பார்த்தவுடன் அசலா போலியா என்று சொல்லக்கூடியவர். அவர் காளானைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தில் ஒரு நார் கிழித்துத் தீக்குச்சியில் காட்டி முகர்ந்தார்.

"முடி கருகுற வாசனை வருது சார். அசல்தான்."

"அப்போ சாப்பிடலாமா?"

"அசல் பட்டுன்னு சொல்றேன் சார். காளானப் பத்தி எனக்கு என்னா தெரியும்?"

இந்த நிலையில் நேற்றுக் காலை சம்பந்தி தர்மன் போன் செய்தார். "காளான் எப்டிங்க இருந்துது?" என்றார். மைத்துனரே, அந்த இடத்தில் தாங்கள் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பீர்கள்? "பிரமாதம்ங்க. ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டேன்" என்றேன். பின்னால் காந்தா காளான் பையைக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். இன்று மதியம் சம்பந்தி மறுபடியும் அழைத்தார். "நீங்க நல்லா கீதுன்னு சொன்னதால எங்க பங்கையும் ஆக்கிட்டோம். மூணு பேரும் இப்பதான் சாப்ட்டு எழுந்தோம்" என்றார். "உடம்புக்கு எப்டி இருக்குதுங்க?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது. என்னாத்துக்குக் கேக்குறீங்க?" என்றார். சும்மாதான் என்றேன். அதன்பின் அடிக்கொரு தரம் கூப்பிட்டு வயிறு எப்படி, தலை சுற்றுகிறதா, மாப்பிள்ளை என்ன செய்கிறார், தூங்குகிறாரா, தூங்கினால் எழுப்பிப் பாருங்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சம்பந்தியம்மாள், இப்படிப் பாசமான குடும்பம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று காந்தாவிடம் சொல்லிக் கண் கலங்கினாராம். கண் கலங்குவதும் விஷத்தின் அறிகுறி என்று அபிநயா போனில் படித்துக் காட்டுகிறாள்.

உண்மையைச் சொன்னால் நிச்சயதார்த்தம் இருக்காது. சொல்லாவிட்டால் மாப்பிள்ளை இருப்பாரா தெரியவில்லை. "அவங்க நம்ம வார்த்தைய நம்பி வாயில வெச்சாங்கப்பா. நீ பேசலன்னா நான் பேசுறேன்" என்று அபிநயா போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த தாங்கள், இந்தப் படங்களைப் பார்த்து இது இன்ன காளான், ஆகும் அல்லது ஆகாது என்று உள்ளது உள்ளபடி ஒரு வார்த்தை எழுதவும். முகதாட்சண்யம் வேண்டாம்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். தங்கள் இல்லத்தில் உள்ள எல்லோருக்கும் தீராத ஆயுளும், செரிக்கிற உணவும் வாய்க்க, பக்கத்திலேயே இருப்பவர் என்பதால் வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொள்ளும்,

கலங்கிய மனத்துடன்,
பரமசிவம்.

பி.கு.: மேலே உள்ளதைப் படம் பிடிப்பதற்குள் மனம் கேட்காமல் சம்பந்திக்குப் போன் செய்து, நாங்கள் சாப்பிடவில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன்.  அதற்கு அவர், "நாங்களும் சாப்பிடலீங்க" என்றார். காளானைப் பறித்தவர் அவருடைய அண்ணன் ராமராஜனாம். ஜவ்வாது மலைப் பக்கம் வேலைக்குப் போனபோது காட்டில் பறித்து வந்து கொடுத்திருக்கிறார். அது என்ன காளான் என்று அண்ணனைக் கேட்க இவருக்குத் தைரியமில்லை. பெண் பார்க்க வந்த அன்று நான் தங்கள் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசியிருந்தேன். அதனால் நாங்கள் தெரியாமல் வாயில் வைக்க மாட்டோம் என்று பாதியை அனுப்பியிருக்கிறார். "நீங்க ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்ட்டேன்னு சொல்றப்போ, நாங்க பயந்து குப்பையில கொட்டிட்டோம்னு எப்டிங்க சொல்றது?" என்றார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அதன் பிறகுதான் அவர் மெதுவாக மீதியைச் சொன்னார். இரண்டு வீடும் ருசித்துச் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்ட ராமராஜன் அண்ணன், நிச்சயதார்த்த விருந்துக்கு ஒரு மூட்டை நிறையப் பறித்துக்கொண்டு வருகிறாராம். தாம்பூலம் மாற்றுகிறவரே அவர்தான். அவரிடம் மறுத்துப் பேச முடியாது. எனவே, காளானை அடையாளம் காணும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். அது என்ன காளானாக இருந்தாலும் சரி, மிக உயர்ந்த வகை என்றும், ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் சாப்பிடக் கூடாது என்றும், ஆங்கிலத்தில் எழுதி, பட்டங்கள் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டு உடனே அனுப்பவும். இது இரு வீட்டாரும் கலந்து பேசி எடுத்த முதல் முடிவு.