வெறும் பாத்திரம் குடுக்கப்படாது

சர்வதேச வணிகத்தில் நானும் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன். மொத்தம் ஒரே ஒரு பானை விற்றேன். (விற்றேன் என்ற சொல்லை இப்போதைக்கு நம்பி வையுங்கள்.)

எனக்குக் கரமனை அக்ரஹாரத்தில் வீடு, கழக்கூட்டத்தில் வேலை. காலையில் பஸ் ஏறி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆயுள் தீர்ந்துவிடும். மீதிப் பாதியை மேனேஜர் ரெஜி சார் எடுத்துக்கொள்வார். "ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பித்தாரானால் மத்தியானச் சாப்பாடு ஆறிப் போகும். ஒரு நாள் அவருடைய சின்ன டவுட் பெரிதாகிப் பெரிதாகி மூன்றாவது மணி நேரத்தைத் தொட்டபோது நான் எழுந்து நின்றேன். "சார், நான் ரிசைன் பண்றேன். சொந்தமா எக்ஸ்போர்ட் பிசினஸ் தொடங்கப் போறேன்" என்றேன். எதை எக்ஸ்போர்ட் செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

ரெஜி சார் அசரவில்லை. "நோட்டீஸ் பீரியட் ரெண்டு மாசம் உண்டு. அதினிடையில் மனசு மாறினால் பறஞ்சால் மதி" என்றார். சொன்னால் போதுமாம். "மாறாது சார்" என்றேன். ராஜினாமாக் கடிதத்தை அவர் மேஜையில் தட்டி வைத்த சத்தம் எனக்கே பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் கணேசன் பேங்கில் வேலை பார்க்கிறவர். கத்த மாட்டார். கத்தினால்கூடத் தேவலை.

"வீட்டு லோன் ரெண்டு சம்பளத்தை நம்பி எடுத்ததாக்கும். நோட்டீஸ் முடியறதுக்குள்ளே ஒரு சாமான், ஒரே ஒரு சாமான், நஷ்டமில்லாம வித்துக் காட்டு. அதுக்கப்பறம் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா நீ போய் ரெஜி சார் கிட்டே அந்த லெட்டரைத் திருப்பி வாங்கிண்டு வரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ரெஜி சார் முன்னால் போய்த் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைவிடக் கரமனை ஆற்றில் இறங்கி நிற்கலாம்.

விற்பதற்குப் பரணில் ஒரு வெங்கலப் பானை இருந்தது. என் மாமியாருடையது. "தூக்கினா இடுப்பு போறது, எடுத்துண்டு போடி" என்று அவரே கொடுத்துவிட்டார். புளி போட்டுத் தேய்த்தேன். பொன்னாக மின்னியது. படம் எடுத்து ஏல வலைத்தளத்தில் போட்டேன். வர்ணனையில் என் முழுத் திறமையையும் காட்டினேன். 'பாரம்பரிய வெண்கலம், அபூர்வமானது, எல்லா அடுப்புக்கும் ஏற்றது' என்று எழுதினேன். (அந்தக் கடைசி வார்த்தையை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

அஞ்சல் செலவு எவ்வளவு என்று ஒரு கட்டம் கேட்டது. அதற்கு எடை தெரிய வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரர் வண்டியோடு வந்தார். கடவுளே அனுப்பினார் என்று பானையை அவருடைய தராசில் வைத்தேன்.

"கஷ்டிச்சு மூணு கிலோ உண்டாவும் சேச்சி" என்றார்.

எடைக்கு வாங்குகிற மனிதரின் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது கைக்குழந்தைக்குத் தெரியும். இன்ஜினியரிங் படித்த எனக்குத் தெரியவில்லை. மூன்று கிலோவுக்கு உண்டான அஞ்சல் செலவைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏலம் சூடு பிடித்தது. கனடாவிலிருந்து மார்கரெட் என்ற அம்மாளும் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். வீடே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மார்கரெட் ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் என்று எனக்கு எழுதியிருந்தார். மாமியாருக்கு அது போதும். "அந்த மரகதத்துக்கே குடுத்துடு. பாவம், ஆசைப்படறது" என்றார். கடைசியில் மார்கரெட்டுக்கே விழுந்தது. நான் கணவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் படம் எடுத்து ஏலம் விட்டிருக்கலாம்.

மறுநாள் அட்டைப்பெட்டியில் பானையை இறக்கும்போது மாமியார் வந்து நின்றார்.

"வெறும் பாத்திரமாவா அனுப்பப் போறே?"

"பின்னே?"

"வெறும் பாத்திரம் குடுக்கப்படாது. ஆகாது ஆக்கும்."

"அம்மா, இது குடுக்கறது இல்லை. விக்கறது."

"வித்தா என்ன? நாளைக்கு அந்த மரகதம் மூடியைத் திறந்து பாக்கும். உள்ளே ஒண்ணுமில்லைன்னா நம்மாத்தைப் பத்தி என்ன நினைக்கும்? ஒரு பிடி போடறேன், நீ போய்க் குளி."

ஒரு பிடிதானே என்று குளிக்கப் போனேன். என் வாழ்க்கையில் நான் குளித்திருக்கவே கூடாத குளியல் அது.

திரும்பி வந்தபோது பெட்டி ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பகவதி மாமியும் அங்கே இருந்தார். அவருடைய பிள்ளை ஹரி அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் இருக்கிறான்.

"ஹரிக்கு ஒரு சின்னப் பொதி வச்சிருக்கேன். அவனுக்கு வயத்துக்கு ஆகலே, அஷ்டசூர்ணம். கனடா பக்கந்தானே? ஒரு ஃபோன் பண்ணினா அவனே போய் எடுத்துப்பன்" என்றார் மாமி.

"உள்ளே வேற என்ன இருக்கு?" என்று பயத்தோடு கேட்டேன்.

"மரகதத்துக்குச் சாதம் வடிக்கத் தெரியுமோ என்னவோ. அதனாலே அரிசி மாவாப் போட்டுட்டேன், கொழக்கட்டை பண்ணிக்கட்டும். மேலே இடம் இருந்தது, வெல்லம் போட்ட சக்கரவரட்டி வறுவல். அதுக்கும் மேலே ரெண்டு பாக்கெட் அப்பளம். ஆட்டிப் பாரு, கடகடன்னு சத்தம் வருதா?"

ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேக்கிங் நன்றாக அமைந்துவிட்டதாம்!

கூரியர் கடைக்கு ஆட்டோவில் மாமியாரும் பகவதி மாமியும் கூடவே வந்தார்கள். பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்புகிற முகம் இருவருக்கும். கடைக்காரப் பையன் பெட்டியைத் தூக்கினான், உடனே இறக்கினான்.

"எந்தா சேச்சி இதினகத்து, அம்மிக்கல்லோ?"

தராசு ஒன்பது கிலோவைத் தாண்டி நின்றது. மார்கரெட் கட்டியது மூன்று கிலோவுக்கு.

"தின்னான் உள்ளது வல்லதும் உண்டோ? திறந்து நோக்கணும்" என்றான் பையன். தின்பண்டம் ஏதாவது இருந்தால் திறந்து பார்க்க வேண்டுமாம்.

திறந்தால் பாதியை எடுத்துவிடலாம் என்று என் மனம் துள்ளியது. அதற்குள் மாமியார் குறுக்கே விழுந்தார். "ஏய், திறக்கப்படாது. பகவதிக்கு முன்னாலே வச்சுப் பூஜை பண்ணிக் கட்டினதாக்கும்." பொய் இல்லை, பகவதி மாமிக்கு முன்னால் வைத்துத்தான் கட்டினார். பையன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரசீது போட ஆரம்பித்தான். இரண்டு மாமிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் எப்படி வாயைத் திறப்பேன்? மீதியை என் கையிலிருந்து கட்டினேன். பானை விற்ற காசைவிட அது அதிகம்.

கணவர் சாயந்திரம் கேட்டார். "லாபமா?"

"முதலீடு" என்றேன்.

அதற்குப் பிறகு தெரு முழுக்கப் பானையின் பயணம்தான் பேச்சு. "துபாய் தாண்டியாச்சா?" என்று கோயிலில் பிரதட்சிணம் செய்யும்போது கூடக் கேட்டார்கள். கனடாவும் போய்ச் சேர்ந்தது. அங்கேயே நின்றது. 'பரிசோதனைக்காக நிறுத்தப்பட்டுள்ளது' என்று கைப்பேசி காட்டியது. அடுத்தாற்போல் மார்கரெட்டிடமிருந்து செய்தி வந்தது. மிக மரியாதையான செய்தி.

'அன்புள்ள அம்மணி, சுங்க அதிகாரிகள் எனக்குப் போன் செய்தார்கள். வெள்ளைப் பொடி, பழுப்புப் பொடி, இரண்டில் எதை நான் ஆர்டர் செய்தேன் என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்லட்டும்?'

பாட்டு டீச்சரைக் கம்பி எண்ண வைத்துவிட்டேனே! கணவர் என் தோள் வழியாக எட்டிப் படித்துவிட்டு, "பெட்டி மேலே என்னன்னு எழுதியிருந்தே?" என்றார்.

"ரைஸ் பாட்."

"அந்த ஊர்லே 'பாட்'னா கஞ்சா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சாப்பிடப் போய்விட்டார்.

ஒவ்வொரு பொருளும் என்ன, ஏன் வைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். அரிசி மாவு என்று எழுதலாம். சூர்ணம் என்று எழுதலாம். 'ஏன்' என்பதற்கு என்ன எழுதுவது? யோசித்து யோசித்துக் கடைசியில் உள்ளதையே எழுதினேன். 'எங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமனே கொடுக்க மாட்டோம். என் மாமியார் ஒரு பிடி போட்டார். அவருடைய கை கொஞ்சம் பெரிது.' மார்கரெட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

அதிகாரிகளுக்கு மனிதத்தன்மை இருந்தது. தின்பண்டம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பானையை மட்டும் மார்கரெட்டிடம் கொடுத்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப் போய் மாமியாரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்போ வெறும் பாத்திரமாத்தானே போய்ச் சேந்தது?"

நாலு நாள் கழித்து மார்கரெட் மறுபடி எழுதினார். 'பானை மிக அழகு. ஆனால் என் கண்ணாடி அடுப்பில் வைத்தால் அடி உருண்டையாக இருப்பதால் பம்பரமாகச் சுற்றுகிறது. எல்லா அடுப்புக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தீர்களே? திருப்பி அனுப்பட்டுமா?'

வர்ணனைக்கு ஒவ்வாத பொருள் என்றால் திருப்பி அனுப்பலாம், அந்தச் செலவும் விற்றவர் தலையில்தான் என்பது வலைத்தளத்தின் விதி. அதைப் படித்த அன்றைக்கு நோட்டீஸ் பீரியட் முடிய ஒரு நாள் மிச்சம். கணவர் என் முகத்தைப் பார்த்தார். மறுநாளைக்குப் போட்டுக்கொள்ள என் நல்ல சுடிதாரை அவரே இஸ்திரி போட்டு வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரெஜி சார் அறையில் முழுக் கதையையும் சொன்னேன். அவர் ஒரு டவுட்டும் கேட்கவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. மேஜை டிராயரைத் திறந்து என் ராஜினாமாக் கவரை எடுத்தார். கொஞ்சம் யோசித்து, ஒரு மிட்டாயை அதற்குள் போட்டு நீட்டினார்.

"வெறும் கவர் திரிச்சு தரான் பாடில்லல்லோ" என்று மாமியாரின் சட்டத்தை மலையாளத்தில் சொன்னார். ஆபீஸ் முழுவதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தது.

ஒரு மாதம் கழித்துப் பானை வீடு வந்து சேர்ந்தது. திரும்பும் செலவுக்கான பில்லும் வந்தது. பில்லைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினேன். போன எடைக்கு வந்த எடை கொஞ்சமும் குறைவில்லை! கணவர் பெட்டியைப் பிரித்தார். பானை நிறைய மேப்பிள் பாகில் செய்த மிட்டாய், ஜாம் பாட்டில்கள், நடுவில் பூப்போட்ட பெரிய தகர டப்பாவில் பிஸ்கட். மேலே ஒரு சீட்டு. 'உங்கள் மாமியாருக்கு. பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக் கூடாது அல்லவா? என் கையும் கொஞ்சம் பெரிது.'

"பாத்தியா! நல்ல குடும்பத்துப் பொண்ணு மரகதம்" என்று மாமியார் பூரித்துப் போனார். பகவதி மாமிக்கும் ஒரு ஜாம் பாட்டில் போயிற்று. நான் மட்டும் பில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பானை மறுபடியும் பரணில் ஏறிவிட்டது. நான் மறுபடியும் கழக்கூட்டம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இன்றைக்கும் காலையில் நான் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்தால் போதும், "எடை போட்டாச்சா?" என்று கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மார்கரெட்டின் பிஸ்கட் தீர்ந்து வெகு நாளாயிற்று, அந்தப் பூப்போட்ட டப்பா ஃப்ரிஜ்ஜின் மேலே காலியாக உட்கார்ந்திருக்கிறது. தெருவில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்று காதில் விழுந்தால் மாமியார் அதை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"மரகதத்தோட டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டாமோ?" என்பார். "வெறுமனேயா அனுப்பறது? ஒரு பிடி போடறேன், நீ போய்க் குளி."