சுவரோடு ஒட்டி வைக்க ஏதாவது

"ஒரே ஒரு ஆணிதான் அடிச்சேன்" என்றான் ஜெபசிங்.

ரெஜினா கணவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். ஆபீஸ் பை மாட்டுவதற்காக அவன் ஆணி அடித்த இடத்தில் இப்போது ஆணியும் இல்லை, சுவர் இருந்ததற்கான அடையாளமும் அதிகம் இல்லை. ஒரு முழுத் தோசை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்து, உள்ளே செங்கல் தெரிந்தது.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க."

"அதான் ஒண்ணே ஒண்ணு அடிச்சேன்."

கூடுவாஞ்சேரியில் அந்த வீடு கிடைப்பதற்குள் அவர்கள் ஏழு வீடு ஏறி இறங்கியிருந்தார்கள். ஜெபசிங்குக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. நிரந்தர வேலை என்றதும் எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். பெயரைக் கேட்டதும், அந்த வீட்டை நேற்றுச் சாயங்காலம்தான் வேறு யாருக்கோ பேசிவிட்டதாக ஆறு பேருக்கு ஞாபகம் வந்தது. ஏழாவது வீட்டுக்காரரான வத்சலா டீச்சர் மட்டும், "நல்ல பேரு" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டை, ஜெபசிங் ஆணி அடித்த இந்த நாலரை இன்ச் சுவரை நடுவில் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கத்தில் தானே குடியிருந்தார். ஒரே நிபந்தனை, ஆணி.

"சிமெண்ட் பூசிடலாமா?" என்றாள் ரெஜினா.

"பெயிண்டு?"

அந்தப் பச்சை எந்தக் கடையிலும் கிடைக்காது. மீந்துபோன மூன்று டப்பாக்களைக் கலந்து டீச்சரே உண்டாக்கியது.

"அப்ப முன்னாடி ஏதாவது வச்சி மறைச்சிடு."

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஃபர்னிச்சர் கடையில் ராஜேந்திரன் என்ற விற்பனையாளர் அவனை வரவேற்றார்.

"என்ன மாதிரி பாக்கறீங்க சார்?"

"சுவத்தோட ஒட்டி வைக்க ஏதாவது."

"கன்சோலா, சைட்போர்டா, செஸ்ட் ஆஃப் டிராயர்ஸா?"

மூன்றையும் ஜெபசிங் பார்த்தான். மூன்றும் மரம், மூன்றும் பழுப்பு. "இன்னா வித்தியாசம்?"

"கன்சோல் அழகுக்கு, சைட்போர்டு தட்டு முட்டுக்கு, செஸ்ட் துணிமணிக்கு. நீங்க என்ன வைக்கப் போறீங்க?"

"உள்ள ஒண்ணும் வைக்கப் போறதில்ல."

"அப்ப கன்சோல்தான் சார்."

கன்சோல் ஒல்லியான மேஜையாக, நான்கு கால்களோடு வந்தது. சுவரோரம் நிறுத்தினார்கள். ஓட்டை சரியாக அதன் தலைக்கு மேலே, கடையில் பார்வைக்கு வைத்த பொருள்போல இருந்தது. ரெஜினா ஒரு பூச்சாடியை வைத்தாள். சாடியின் இரண்டு பக்கமும் செங்கல் எட்டிப் பார்த்தது.

அன்று சாயங்காலமே டீச்சர் வந்தார்.

"தண்ணி நன்னா வரதா, ஜெபசிங்?"

"வருது டீச்சர்." அவன் பூச்சாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். டீச்சர் தண்ணீரைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். கண் மட்டும் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. அந்த இருபது நிமிஷமும் ஜெபசிங் ஸ்டுடியோவில் படம் எடுக்க நிற்பவனைப்போல மேஜையில் ஒரு கையை ஊன்றியபடி நின்றான்.

"சுத்தி சத்தம் கேட்டுகீது அவங்களுக்கு" என்றான், டீச்சர் போனதும். "மோப்பம் புடிச்சிகினு வந்துட்டாங்க."

ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்லியிருந்ததால், கன்சோல் போய் சைட்போர்டு வந்தது. ஐந்தடி நீளம், நாலு கதவு, அசைக்க மூன்று பேர். அதைச் சுவரோடு ஒட்டும்போது மூலை இடித்து, பாதி மறைந்திருந்த ஓட்டை மேல்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் வளர்ந்தது. ஃபிரிட்ஜுக்கான பிளக் பாயிண்டும் பின்னால் போய்விட்டது. சமையல்கட்டிலிருந்து ஹால் குறுக்கே ஒயர் இழுத்தார்கள். வளர்ந்த பகுதிக்கு ரெஜினா ஒரு காலண்டரைச் சாய்த்து வைத்தாள்.

டீச்சர் ஒயரைத் தாண்டி உள்ளே வந்தார். "கரெண்ட் ஒழுங்கா இருக்கா?"

"இருக்குது டீச்சர்."

"இது எதுக்கு?"

"தட்டு வைக்க."

"உங்களண்ட எத்தனை தட்டு?"

"ஆறு."

டீச்சர் மனசுக்குள் ஏதோ வகுத்துப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு குனிந்து, சைட்போர்டுக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்க்கப் போனார். ரெஜினா குறுக்கே வந்து காபியை நீட்டினாள். அவசரத்தில் டிகாஷனை மறந்துவிட்டாள். டீச்சர் பாலைக் குடித்துவிட்டுப் போனார்.

"காலி பண்ணச் சொல்லப் போறாங்க" என்றாள் ரெஜினா. "மறுபடியும் முதல் வூட்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

மறுநாளே ஜெபசிங் கடைக்குப் போன் போட்டான்.

சைட்போர்டு போய் செஸ்ட் ஆஃப் டிராயர்ஸ் வந்தது. உயரம் கச்சிதம். அகலம்தான் பற்றவில்லை. வளர்ந்திருந்த ஓட்டை இரண்டு பக்கமும் காதுபோல நீட்டிக்கொண்டு நின்றது.

"இத முதல்லயே வாங்கியிருந்தா போதுமா இருந்திருக்கும் சார்" என்று ராஜேந்திரன் போனில் வருத்தப்பட்டார்.

கடைசியில் படுக்கையறையிலிருந்த தங்கள் கல்யாண பீரோவையே இழுத்து வந்து செஸ்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஓட்டை முழுசாக மறைந்தது. ஹாலும் ஏறக்குறைய மறைந்தது. வாசலிலிருந்து சமையல்கட்டுக்குப் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது.

"இதுக்கு மேல என்னால முடியாது" என்றான் ஜெபசிங். "டீச்சர் கைல உண்மைய சொல்லிடறேன். போவச் சொன்னா போயிடலாம்."

சனிக்கிழமை காலை டீச்சர் வந்தார். ஜெபசிங் சட்டை மாட்டி, பொத்தானெல்லாம் போட்டுத் தயாராக நின்றான்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"இருங்கோ, நான் ஒண்ணு கேக்கணும்." அவர் பீரோவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதை நகர்த்தற எண்ணம் இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

டீச்சர் நீளமாக மூச்சு விட்டார். இந்தப் பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்படியே இருக்கட்டும். ஹால்ல ஒரு பீரோ இருந்தாதான் லட்சணம். அடுத்த வருஷமும் நீங்களே இருங்கோ, ஜெபசிங். உங்களை மாதிரி குடித்தனக்காரா கிடைக்கமாட்டா."

சொல்ல வந்ததை ஜெபசிங் விழுங்கிக்கொண்டான். கண்ணில் நீர் நின்றது. கேட்வரை கொண்டுபோய் விடலாம் என்று டீச்சருடன் நடந்தான்.

கேட்டுக்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதில் பெரிய மர அலமாரி ஒன்று கட்டப்பட்டிருந்தது. தச்சர் முத்துசாமி இறங்கி, டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் நிற்பவன் யாரென்று அவருக்குத் தெரியாது.

"டீச்சர்மா, டிவி மாட்டறேன்னு டிரில்லு வுட்டு நடு சுவத்த பேத்துட்டீங்களே, அத மறைக்க நல்லா ஒசரமாவே செஞ்சாந்துகீறேன். அந்தப் பக்கம் குடித்தனக்காரங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதில்ல?"