எண் 214-இன் குடித்தனம்

தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் விதி மிக எளியது. லயத்து வரிசையில் ஒரு வீட்டுக்கு இரண்டு தொழிலாளர். ஒருவர் குறைந்தால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்த விதியை மனிதாபிமானத்தோடு அமல்படுத்தும் பொருட்டு, நிர்வாகம் அதைக் கணினியிடம் ஒப்படைத்தது.

அதே மாதம் கொழுந்து வெட்டும் மெஷின் வந்தது. பதினேழாம் நம்பர் வீட்டுத் திலகாவை நிறுத்திவிட்டார்கள். புதுத் தொழிலாளர் எண் உருவாக்க மேலிடத்து அனுமதி வேண்டுமாம். அதனால் அவளுடைய 214-ஐயே மெஷினுக்குக் கொடுத்தார்கள்.

அவள் புருஷன் செல்லையா ஆபிசுக்கு ஓடினான்.

"ஐயா, வீடு போயிடுமா? மக ஸ்கூலு இங்கதான். தானா ராத்தா டவுனுல வாடகைக்குப் போக நம்மால முடியுமா?"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி யோகேந்திரன் திரையைப் பார்த்தார். "ஏன் போவுது? உங்க வீட்டுல ரெண்டு பேரு வேலை செய்றாங்க. 213 நீங்க. 214 உங்க சம்சாரம்."

"ஐயோ, அது மெஷின்லா!"

"சிஸ்டத்துல மனைவின்னுதான் இருக்கு. பேசாம வச்சிக்குங்க. ஆனா தொழிலாளி வீட்டுலதான் தங்கணும். ரூல்."

மெஷின் குடிவந்தது. கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை, ஆகவே கட்டிலிலேயே கிடத்தினார்கள். வீடெல்லாம் பெட்ரோல் வாடை. பத்தாம் நாள் சோதனைக்கு வந்த கிராணி, அடுப்படியில் திலகாவைக் கண்டு திடுக்கிட்டார்.

"இவங்க யாரு?"

பதினெட்டு வருஷம் அவள் பறித்த கொழுந்தை நிறுத்துக் குறித்த மனிதர் கேட்கிறார்!

"என்னைத் தெரியாதா ஐயா?"

"எனக்குத் தெரியும்க்கா. சிஸ்டத்துக்குத் தெரியலையே. விருந்தாளின்னு போடுறேன். மூணு நாளைக்கு ஒருக்கா தோட்டத்துக் கேட்டுல பாஸ் வாங்கிக்குங்க."

"என் வீட்டுல சோறாக்க எனக்குப் பாஸா?" திலகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மகளின் பள்ளிப்பையைப் பார்த்தாள். போய் வரிசையில் நின்று பாஸ் வாங்கினாள்.

பிறகு மெஷினின் பிளேடு முறிந்தது. பிரிஞ்சாங் ஊர்ப் பட்டறையில் நாலு நாள் கிடந்தது. செல்லையாவுக்குக் கடிதம் வந்தது: 'தங்கள் துணைவியார் வீடு திரும்பாதது நிர்வாகத்துக்கு மிகுந்த கவலையளிக்கிறது. குடும்ப நல ஆலோசனைக்கு உடனே வரவும்.' அவனும் போய், இனிமேல் அனுசரித்து நடந்துகொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். லயமே வயிறு வலிக்கச் சிரித்தது.

அடுத்த மாதம் மேலும் ஆறு மெஷின்கள் வந்திறங்கின. சிரித்தவர்களில் வேலை போன ஆறு பெண்கள் காலையிலேயே ஆபிஸ் வாசலில் மனுவோடு நின்றார்கள். தங்கள் புருஷனுக்குத் தயவுசெய்து ஒரு மெஷினை மனைவியாகப் பதிந்து தரும்படி ஒவ்வொருத்தியும் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அவர்களுக்குப் பின்னால் ஏழாவதாக ஒரு பெண். கிராணியின் மனைவி கங்கா. அன்று காலைதான் கிராணியை நிறுத்திவிட்டு அவர் எண்ணைக் கணினிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் குடியிருப்பதும் தோட்டத்து வீடுதான்.

கேட்டில் பாஸ் வாங்க வந்த திலகாவை யோகேந்திரன் ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, சாயங்காலம் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருது. நான் எந்தப் பக்கம் படுக்கிறது?"

"சொவத்துப் பக்கம் வேணாம் ஐயா," என்றாள் திலகா. "அங்கதான் பிளக்கு இருக்கும்."