பிளானில் இல்லாத கூரை

ஒரு காட்டில் சிங்கம், புலி, காட்டுத்தீ என்று வழக்கமான தொல்லைகளோடு எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். யார் கண் பட்டதோ, கட்டட அனுமதி என்று ஒன்று வந்து சேர்ந்தது. பிளானில் இருப்பதெல்லாம் தரையில் இருக்க வேண்டும். பிளானில் இல்லாதது எதுவும் தரையில் இருக்கக் கூடாது. இதுதான் சட்டம். மீறினால் மருதாசலம் என்கிற யானை வந்து இடித்துவிட்டுப் போகும்.

அந்தக் காட்டில் பூங்காவனம் என்று ஒரு முயல் இருந்தாள். நிறைமாதம். வயிறு முன்னே போகும், அவள் பின்னே போவாள். வானம் வேறு உறுமத் தொடங்கிவிட்டது. குட்டிகள் பிறப்பதற்குள் நனையாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. தூக்கணாங்குருவி இன்ஜினியர் ஒரு தேக்கிலையில் கரித்துண்டால் அழகாகப் பிளான் போட்டுக் கொடுத்தார். எந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள், அடுத்த காட்டில் அவசர வேலை என்று பறந்துவிட்டார்.

பிளான் மேஸ்திரி முனிரத்தினத்தின் கைக்கு வந்தது. முனிரத்தினம் ஒரு பெருச்சாளி. வளை தோண்டுவதில் மன்னர். பிளான் என்ற வஸ்துவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் மேஸ்திரிக்கு என்ன மரியாதை?

"கவலைய விடு தங்கச்சி. பிளான்ல உள்ளதை அப்படியே இறக்கிடுறேன்" என்றார்.

இறக்கித்தான் விட்டார், புண்ணியவான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டக் குருவி கால்வட்டமாக ஒரு கோடு போட்டிருந்தார். மேஸ்திரி அந்த இடத்தில் வளைவாக மண்சுவரே எழுப்பினார். கதவைத் திறந்தால் எதிரே சுவர். அளவு காட்டும் கோடுகளுக்காக வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார். வடக்கைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்ததும் அவருக்குப் பக்தியே வந்துவிட்டது. களிமண்ணில் பெரிய அம்பாகப் பிடித்து, முற்றத்தில் படுக்கவைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்.

பூங்காவனம் எப்படியோ உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணாந்து பார்த்தாள். ஆகாயம் தெரிந்தது.

"அண்ணே, கூரை எங்கேண்ணே?"

"பிளான்ல ஏதும்மா கூரை?"

அதுவும் நிஜம்தான். வீட்டுக்குள் இருப்பது தெரிய வேண்டும் என்று, கூரையைத் தூக்கிவிட்டு மேலேயிருந்து பார்ப்பது போலத்தான் பிளான் வரைவார்கள். அது குருவிக்குத் தெரியும். குருவிதான் ஊரில் இல்லையே!

"அட கடங்காரா! மழை கொட்டினா என் பிள்ளைங்க என்னாகும்?" என்று பூங்காவனம் கத்தினாள்.

"போட்டுடுவேன் தங்கச்சி. ஆனா பிளான்லாம் பார்க்காம முள்ளம்பன்றி வீட்டுக்குக் கூரை போட்டேன். நேத்து மருதாசலம் வந்து தரைமட்டமாக்கிட்டாரே" என்றார் மேஸ்திரி.

ஆய்வுக்குப் பருந்து வந்தது. அதுதான் அந்தக் காட்டின் அங்கீகார அதிகாரி. வானத்தில் வட்டமடித்தபடியே கீழே பார்த்தது. சுவர், கால்வட்டம், கயிறு, அம்பு எல்லாம் பிளானைத் தரையில் விரித்த மாதிரி இருந்தன. அதிகாரிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"என் சர்வீஸில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை!" என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டது. பிறகு பூங்காவனத்தின் வயிற்றைப் பார்த்தது. "பிள்ளைகள் பிறந்ததும் சொல்லியனுப்பு. மறு ஆய்வு செய்ய வேண்டும்" என்று அலகைத் துடைத்துக்கொண்டது.

கூரையில்லாத வீடு என்றால் இந்த ஆளுக்கு ஏன் இத்தனை ஆனந்தம் என்று அப்போதுதான் பூங்காவனத்துக்கு உறைத்தது.

அன்றைக்கே ஏழு குட்டிகள் பிறந்தன. ஏழும் பஞ்சு உருண்டைகள். யாரும் சொல்லியனுப்பவில்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் பிளான் இலையோடு மருதாசலத்தையும் கூட்டிக்கொண்டு பருந்து வந்துவிட்டது. நேராக அறைக்குள் இறங்கியது. தடுக்கக் கூரையா இருக்கிறது?

"இந்த ஏழும் பிளானில் இல்லை. பறிமுதல் செய்கிறேன்" என்றது.

பூங்காவனம் குட்டிகள் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். காது இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கின. வாய் மட்டும் நடுங்கவில்லை.

"மருதாசலம் அண்ணே! பிளானை நல்லாப் பாருங்க. ஓரத்துல கொசகொசன்னு உருண்டை உருண்டையா இருக்குதே, அது என் பிள்ளைங்கதாண்ணே!"

அது தோட்டத்து மரங்களுக்குக் குருவி போட்ட குறி. மேலேயிருந்து பார்த்தால் மரம் அப்படித்தானே தெரியும். என்னவென்று புரியாமல் மேஸ்திரி அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். மருதாசலம் இலையைப் பார்த்தது, குட்டிகளைப் பார்த்தது.

"உருண்டையா இருக்கு. ரோமமும் இருக்கு. சரியாத்தான் இருக்கு சார்."

"முட்டாளே, அது மரம்!" என்று பருந்து அலறியது.

"மரம்னா தரையில இருக்கணுமே? இங்க ஒரு செடிகூட இல்லியே. எல்லாம் சரின்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

மருதாசலம் மறுபடியும் இலைக்குள் தலையை விட்டது.

"ஆனா சார், வளைஞ்ச மூக்கோட, றெக்கையோட ஒண்ணு வீட்டுக்குள்ள நிக்குது. அது பிளான்லயே இல்ல."

"யாரைச் சொல்கிறாய்?"

மருதாசலம் பருந்தை நெருங்கியது. தும்பிக்கையால் தூக்கி ஒரே சுழற்று. பருந்து எந்தக் காட்டில் போய் விழுந்ததோ தெரியாது. விழுந்த இடத்திலும் அதிகாரியாகத்தான் இருக்கும்.

சடசடவென்று தூறல் விழுந்தது.

"அண்ணே, கூரை!" என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கத்தினாள் பூங்காவனம்.

"பிளான்ல..." என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

அவள் யானையிடமிருந்து தேக்கிலையைப் பிடுங்கினாள். ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவர், கதவு, அம்பு, மரம் ஒன்று பாக்கியில்லாமல் இலை முழுக்கக் கரியை அப்பினாள்.

"இதான் கூரை. கட்டுங்க!"

"அடடா, இப்பத்தாம்மா புரியற மாதிரி இருக்கு" என்று மேஸ்திரி மளமளவென்று கூரையைப் போட்டு முடித்தார். ஏழு குட்டிகளும் நனையாமல் தூங்கின. மருதாசலம் கறுத்துப்போன இலையையும் மூடிக்கிடந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"இதுலயும் ஒண்ணும் தெரியல, அதுலயும் ஒண்ணும் தெரியல. பொருத்தமாத்தான் இருக்கு" என்று ஆடி அசைந்து வீட்டுக்குப் போனது.

நீதி: உள்ளதை உள்ளபடி வரைந்து கொடுத்தால் ஆயிரம் குறை சொல்வார்கள், மொத்தமாகக் கரியைப் பூசிக் கொடுத்தால் ஒரு குறையும் இருக்காது.