பின்சீட்டில் ஒரு கூட்டுப்புழு

பூச்சிப் படக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்திராவிட்டாலும் முதுகையாவது பார்த்திருப்பீர்கள், ஏனென்றால் இந்த இனத்தாரின் முகம் எந்நேரமும் ஏதாவதொரு செடிக்குள்தான் இருக்கும். பூங்காப் பக்கம் போகும்போது புதரிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு செருப்பு இங்கேயும் இன்னொன்று பத்தடி தள்ளியும் கிடந்தால், பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஆள் நலமாகத்தான் இருக்கிறார். மூச்சை வேண்டுமென்றே அடக்கிவைத்திருக்கிறார். மூச்சுப் பட்டால் இலை ஆடும்.

புதருக்கு வெளியே இவரை அடையாளம் காண்பதும் சுலபம். "மழை வரும்போல இருக்கே" என்று சும்மா பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். "வரக் கூடாதே, நம்ம பையன் இன்னிக்குத்தான் தோலுரிக்கப் போறான்" என்பார். அந்தப் பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் என்று கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். போன் வெளியே வரும். ஒரு பச்சைப் புழு ஓர் இலையை ஓரத்திலிருந்து அரித்துத் தின்னும். பதினேழு நிமிடம் தின்னும். "அவசரப்படாதீங்க, இனிமேதான் விஷயமே" என்பார். பதினெட்டாவது நிமிடத்தில் அது இன்னோர் இலைக்குப் போகும்.

நம்முடைய ஆசாமி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு எதிரே லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று கேட்டே தலை நரைத்தவர். ஒருநாள் அந்த லென்ஸைப் பூச்சிப் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான், ஆள் போயே போய்விட்டார். வீட்டில் மகளின் படிக்கும் மேஜையைப் புழு வளர்க்கும் எலுமிச்சைத் தொட்டி பிடித்துக்கொண்டது, அங்கேதான் வெளிச்சம் சரியாக விழுகிறதாம். மகள் சாப்பாட்டு மேஜையில் படித்தாள். சாப்பாட்டைக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நெருப்பு வெயிலிலும் மின்விசிறி போடக் கூடாது. கதவை அறைந்து சாத்தக் கூடாது. அந்த அறைக்குள் தும்ம வேண்டுமானால் மொட்டைமாடிக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்.

முட்டையைப் படம்பிடித்தாயிற்று. பொரிந்த புழு தன் முட்டை ஓட்டையே தின்பதைப் பிடித்தாயிற்று. காக்கை எச்சம் மாதிரி இருந்த புழு, பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டதுபோல் மாறியதையும், சீண்டினால் தலையிலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றமடித்ததையும் பிடித்தாயிற்று. பிடிபடாமல் போக்குக் காட்டியது ஒன்றே ஒன்றுதான். கூட்டைப் பிளந்துகொண்டு பட்டாம்பூச்சி வெளியே வருகிற நேரம். பத்து நாள் கல்லுப்போல் தொங்கும். வரும்போது ஒரே நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை இவர் ஏழு முறை கோட்டை விட்டிருக்கிறார். ஒருமுறை போன் அடித்தது. ஒருமுறை பேட்டரி போயிற்று. ஒருமுறை ஆறு மணி நேரம் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்துவிட்டு, அடக்க முடியாமல் கழிவறைக்கு ஓடித் திரும்பி வந்தால், பட்டாம்பூச்சி இறகை உலர்த்திக்கொண்டு இவருக்காகக் காத்திருந்ததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கூட்டிலிருந்து பட்டாம்பூச்சியே வரவில்லை. ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குட்டிக் குளவிகள் வரிசையாக வெளியேறின. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் பொத்தானை அழுத்த மறந்துபோனார். மற்றவற்றை அவரே வெளியில் சொல்வதில்லை.

எட்டாவது கூடு கறுத்தது ஒரு வியாழக்கிழமை காலை. பச்சை மங்கி, தோல் கண்ணாடியாகி, உள்ளே மடித்துவைத்த இறகின் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. இன்னும் இரண்டு மூன்று மணி நேரம்.

அதே வியாழக்கிழமை காலைதான் மனைவிக்குக் கார் ஓட்டும் தேர்வு.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறவள். ஊரின் மறுகோடியில் புதிய கிளை திறக்கிறார்கள், அதற்கு அவளைத் தலைமையாகப் போட்டிருந்தார்கள். பேருந்து போகாத இடம். மாதிரிப் பெட்டிகளை வேறு கொண்டுபோக வேண்டும். உரிமம் இருந்தால் திங்கட்கிழமை சேரலாம், இல்லையென்றால் பதவி அடுத்தவருக்கு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும், பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்துகிற இடத்தில். தேர்வுக்கு உரிமம் உள்ள ஒருவர் கூட வந்தே தீர வேண்டும் என்பது விதி. வீட்டில் உரிமம் உள்ளவர் ஒருவர்தான். அவர் தொட்டியின் முன்னால் குந்தியிருந்தார்.

"கிளம்பலாமா?" என்றாள் மனைவி.

"இங்க பாரேன், கறுத்துடுச்சு."

"என்னங்க, ஒன்பது மணிக்கு அங்க இருக்கணும்."

"வரமாட்டேன்னு யார் சொன்னா? நான் வரேன். இதுவும் வருது."

மனைவி அவரைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சண்டை போடுவதற்கு நேரம் போதாது என்று தெரிந்ததும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

அவர் கார் ஓட்டிய அழகைத் தெருவே நின்று பார்த்தது. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்ணும் முந்தினாள். பின்னால் மனைவி தொட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, எலுமிச்சை முள் கன்னத்தில் குத்த, "முதல்ல கண்ணாடி, அப்புறம் சைகை, அப்புறம் ஸ்டியரிங்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மைதானத்தில் தேர்வு அதிகாரி தயாராக நின்றிருந்தார். அட்டையில் செருகிய தாளைவிட்டுத் தலையைத் தூக்காத மனிதர். இரண்டு முறையும் அவளைத் தோற்கடித்தவர் அவர்தான், ஆனால் இன்றைக்கும் அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எடுங்க" என்றார்.

பின்னாலிருந்து, "மெதுவா எடும்மா" என்று ஒரு குரல் வந்தது.

அதிகாரி திரும்பினார். பின்சீட்டின் முன்விளிம்பில் தொட்டி, சீட் பெல்ட் போட்டு நின்றது. அதற்கும் முதுகுச் சாய்மானத்துக்கும் இடையில் இடுங்கி ஒரு மனிதர் மண்டியிட்டு, முன்பக்கம் பார்த்தபடி காமிராவைக் கண்ணில் ஒட்டிவைத்திருந்தார்.

"இவர் யாரு?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் மனைவி, அதைச் சொல்ல இதைவிட மோசமான நேரம் வாய்த்ததில்லை என்கிற குரலில்.

"இறங்குங்க சார். தேர்வு நடக்கறப்ப வண்டிக்குள்ள வேற யாரும் இருக்கக் கூடாது."

"இறங்கலாம் சார். ஆனா கதவைத் திறந்தா வண்டி ஆடும். ஆடினா ஃபோகஸ் போயிடும். இப்பவோ அப்பவோன்னு இருக்கு."

"எது?"

"நீங்களே பாருங்களேன்."

பாவம், அதிகாரி பார்த்தார். பதினைந்து வருடமாகத் தாளையே பார்த்துக்கொண்டிருந்த கண். கறுத்த தோலுக்குள் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. இடுப்பில் கட்டிய நூலில் கூடு சாய்ந்து தொங்கியது. லேசாக ஒருதரம் துடித்தது.

"உயிரோடயா இருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"நான் எடுக்கட்டுமா சார்?" என்றாள் மனைவி.

"எடுங்க எடுங்க. பள்ளத்துல மட்டும் விடாதீங்க."

அவள் எடுத்தாள். மேடு வந்தது. பயிற்சியில் மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிட்டவள், இன்று முட்டை ஏற்றிய வண்டிபோல் ஏற்றினாள். வளைவு வந்தது. வளைத்தாள். பாராட்டுக்கு ஆளில்லை. அதிகாரி இருக்கையில் முழங்காலூன்றிப் பின்பக்கம் திரும்பி, முதுகுச் சாய்மானத்தின் மேல் தாடையை வைத்திருந்தார். அட்டை காலடியில் கிடந்தது.

"குலுங்குதே, பிடிபடலையே" என்று முனகிய கண்ணாடிக் கடைக்காரர், ஃபோகஸைக் காமிராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று தானியங்கிக்கு மாற்றினார்.

இரண்டு கம்பங்கள் வந்தன. மனைவி பின்நோக்கும் கண்ணாடியைப் பார்த்தாள். பின்பக்க ஜன்னல் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று வழுக்கை, ஒன்று நரை.

"தலையைக் கொஞ்சம் எடுங்களேன்."

"உஷ்" என்றன இரண்டு தலைகளும்.

வேறு வழியில்லை. நாக்கைப் பல்லுக்கிடையே கடித்துக்கொண்டாள். இடதுபக்கக் கண்ணாடி, வலதுபக்கக் கண்ணாடி, இரண்டை மட்டும் நம்பி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டாள். சக்கரம் திரும்பியது, நேரானது, மறுபடி திரும்பியது. பின்னால் "விரியுது" என்றார் ஒருவர். "தலை, தலை" என்றார் இன்னொருவர். வண்டி நின்றது.

இரண்டு கம்பங்களுக்கும் சரியாக நடுவில். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் எவ்வளவு இடமோ அந்தப் பக்கமும் அவ்வளவே. வாழ்க்கையில் முதல்முறை.

"நிறுத்திட்டேன் சார்."

கசங்கிய ஈரத்துணி மாதிரி ஒன்று காலியான கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இரண்டு ஆண்களும் அதைப் பெற்றெடுத்தவர்கள்போல் வியர்த்திருந்தார்கள்.

"சார்."

"பாஸ்மா, பாஸ். சத்தம் போடாதீங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. கால்தான் முதல்ல வரும்னு நினைச்சேன், தலையில்ல வருது."

"நான் வண்டி நிறுத்தினதைக் கேட்டேன்."

அதிகாரி கீழே கிடந்த அட்டையை எடுத்தார். கம்பங்களைப் பார்த்தார். "நேராத்தானே இருக்கு" என்றார்.

"நேரா இருக்கறது இப்ப. எப்படி வந்துதுன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு தடவை ஃபெயிலாப் போட்டீங்க, அப்பவும் நிமிர்ந்து பார்க்கல. இப்ப பாஸ் போடறீங்க, இப்பவும் பார்க்கல. இந்த பாஸ் எனக்கு வேண்டாம் சார். திரும்பவும் வைங்க." குரல் உடைந்தது. மறுபடி ஒருமுறை அதேபோல் நிறுத்த முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

இந்த நேரத்தில் கண்ணாடிக் கடைக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறீர்களா? எடுத்த படத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த இனம் எதையும் கண்ணால் கண்டதோடு திருப்திப்படுவதில்லை. இரண்டு விநாடியில் அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று.

"போச்சு" என்றார்.

வண்டி குலுங்கிய குலுங்கலில் காமிரா கூட்டை விட்டுவிட்டுத் தூரத்துக்குத் தாவியிருந்தது. திரை ஓரத்தில் பச்சையாக ஏதோ கலங்கல். அந்தக் கலங்கலுக்குள்தான் எட்டாவது பட்டாம்பூச்சி பிறந்துகொண்டிருந்தது. கலங்கலுக்கு அப்பால், அதிகாரியின் தலைக்கும் மனைவியின் தலைக்கும் இடையில், பின்நோக்கும் கண்ணாடியில், ஊசிமுனைத் துல்லியத்தில் ஒரு பெண்ணின் முகம்.

நிறுத்தப் போன விரல் நின்றது. அவர் பார்த்தார். பல்லுக்கிடையே நாக்கு நுனி. புருவத்தில் இறங்கி நின்று விழ மறுக்கும் ஒரு வியர்வைத் துளி. இடம், வலம், இடம் என்று தாவும் விழிகள். கண்ணாடிக்குக் கீழே சக்கரத்தைத் திருப்பும் கைகள், அதற்கும் அப்பால் பக்கக் கண்ணாடியில் நகர்ந்து வந்து இடத்தில் நிற்கும் கம்பம். இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்து அவர் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"சார்" என்று காமிராவை முன்னால் நீட்டினார். "இதுல எல்லாம் இருக்கு. ஆரம்பத்திலேருந்து இருக்கு."

அதிகாரி பார்த்தார். திரும்பப் போடச் சொல்லி இன்னொருமுறை பார்த்தார். பேனாவைத் திறந்து கட்டம் கட்டமாகக் குறி போட்டார். பிறகு முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டாவது திருப்பல்ல கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்கம்மா. ஒரு மார்க் குறைச்சிருக்கேன்."

அந்த ஒரு மார்க் குறைந்த பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது. "ஆமா சார், எனக்கே தெரிஞ்சுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடிக் கடைக்காரரும் சிரித்தார். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு மூன்றாம் முறையாகப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் மூக்குக்குக் கீழேயே பட்டாம்பூச்சி இறகை விரித்தது, உலர்த்தியது, இரண்டு முறை மூடித் திறந்தது, திறந்திருந்த கதவு வழியாகப் போயே போய்விட்டது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மனைவி புதிய கிளையில் சேர்ந்தாள், தானே ஓட்டிக்கொண்டு போய். இப்போது அந்த வீட்டுக்குப் போகிற விருந்தாளிகளுக்குப் புழுப்படம் காட்டுவதில்லை. கடைக்காரர் போனை எடுக்கும் முன்பே மனைவி தன் போனை எடுத்துவிடுகிறாள். "இங்க பாருங்க, இப்ப இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்கறேன் பாருங்க. அவசரப்படாதீங்க, இனிமேதான் விஷயமே." அவள் அண்ணன் பார்த்தாயிற்று, ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஊசி குத்தும்போது பார்க்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் நான்குமுறை பார்த்துவிட்டு இப்போது பின்வாசல் வழியாகப் போய்வருகிறார். எலுமிச்சைத் தொட்டியில் ஒன்பதாவது முட்டை பொரிந்திருக்கிறது. அதைக் காட்டத்தான் கடைக்காரருக்கு ஆள் கிடைக்கவில்லை.

சிரித்துக்கொண்டுதானே படித்தீர்கள்? நல்லது. நாம் அந்த இனமில்லை, நமக்குப் புழுவும் கிடையாது காமிராவும் கிடையாது என்கிற நிம்மதிச் சிரிப்பு. இருக்கட்டும். நீங்கள் இதில் மூழ்கியிருந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து நின்று உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்களும் கண்ணை எடுக்காமல் "ம்" என்றீர்கள்.

என்ன கேட்டார்?