பழுது விளைந்தது எப்படி?

மனிதகுலம் கண்டுபிடித்த சொற்களிலேயே மகத்தானது 'உத்தரவாதம்'. அதில் உத்தரவும் இருக்கிறது, வாதமும் இருக்கிறது. உத்தரவு கம்பெனி போடுவது. வாதம் வாடிக்கையாளருக்கு வருவது. இந்த நுட்பம் பிடிபடாத சிலர், கெட்டுப்போன கைப்பேசியை உத்தரவாதத்தில் சும்மா சரிசெய்து தருவார்கள் என்று நம்பி, சர்வீஸ் சென்டர் படியேறி வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களைப் பக்குவமாகத் திருப்பி அனுப்புவதற்கென்றே மூன்றாம் கவுன்ட்டரில் ஒருவர் ஆறு வருடமாக உட்கார்ந்திருந்தார்.

அவருடைய பதவியின் பெயர் 'முதுநிலை மென்பொருள் மெய்ம்மைப் பரிசோதகர்'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் டோக்கன் மாறிவிடும் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் 'முடியாது சார்' என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. பெயருக்கேற்ற வேலை எத்தனை பேருக்கு அமைகிறது?

அவருடைய பரிசோதனை முறை எளிமையானது. கைப்பேசியை ஒரு ஒயரில் செருகுவார். கணினித் திரையில் ஒரு கட்டம் வரும். பச்சையாக இருந்தால் 'அசல்'. சிவப்பாக இருந்தால் 'மென்பொருள் மாற்றப்பட்டது'. சிவப்பு வந்துவிட்டால், பொத்தான் கழன்று விழுந்த கேஸானாலும் சரி, கேமரா கண்ணுக்குள் பனி மூடிய கேஸானாலும் சரி, "சாஃப்ட்வேர்ல கை வெச்சுட்டீங்களே, இனிமே முடியாதுங்க" என்று புன்னகையோடு திருப்பிக் கொடுப்பார். பச்சை வந்தால் நான்காம் கவுன்ட்டருக்கு அனுப்புவார். அங்கே ஈரம் பட்டதா என்று பார்ப்பார்கள். பட்டிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு தையல்காரம்மா வந்து அவர் எதிரே உட்கார்ந்தார். நாடாவைக் கழற்றி வைக்கக்கூட நேரமில்லாமல் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"சார்ஜ் போடற ஓட்டை ஆடுது சார். ஒயரை மேல தூக்கிப் பிடிச்சாத்தான் ஏறுது. ஒரு கையால ஒயரைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால எப்படித் துணி வெட்டறது? ஆர்டர் எல்லாம் இதுலதான் வருது. வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது."

முடியாது சார் ஒயரை அவரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கட்டம் சிவந்தது.

"மேடம், இதுல கம்பெனி சாஃப்ட்வேர் இல்லையே."

"ஆமா, நான்தான் மாத்தினேன். அளவு எழுதத் திறந்தா விளம்பரம், மூடினா விளம்பரம். ஒரு பொண்ணுக்கு இடுப்பளவு எழுதி முடிக்கறதுக்குள்ள, இளைக்க மாத்திரை வேணுமான்னு கேட்குது சார். அந்தப் பொண்ணு பக்கத்துலயே நிக்குது. எனக்கு எப்படி இருக்கும்?"

"அதுக்காக சாஃப்ட்வேரையே மாத்தலாமா?"

"பிடிக்காத தையலைப் பிரிச்சு வேற தைக்கறதுதானே சார் என் பொழப்பு. வீடியோ பார்த்து, நானே உட்கார்ந்து மாத்தினேன். விளம்பரம் ஒழிஞ்சுது. நாலு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஓட்டைதான் ஆடுது."

"அதனாலதான் ஆடுது."

"எதனால?"

"மாத்தினதனால."

"சட்டைக்குக் காலர் மாத்தினா பாக்கெட் கிழிஞ்சுடுமா சார்?"

முடியாது சாருக்குத் தையல் தெரியாது. ஆகவே, "அது கம்பெனி கொள்கைங்க" என்றார். வழக்கமாக இந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் பெருமூச்சு விட்டு எழுந்து போவார்கள். தையல்காரம்மா பைக்குள் கையை விட்டு உத்தரவாதப் புத்தகத்தை எடுத்தார். அது தீப்பெட்டி அளவு இருக்கும். எழுத்து எறும்பு அளவு. ஆனால், நாளெல்லாம் ஊசியில் நூல் கோக்கிறவரிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

"பதினோராம் பக்கம் பாருங்க. 'மென்பொருளை மாற்றுவதால் விளையும் பழுதுகளுக்கு உத்தரவாதம் பொருந்தாது.' மாத்தினாலே பொருந்தாதுன்னு போடலை. மாத்தறதால விளையற பழுதுக்குன்னு போட்டிருக்கு. ஓட்டை ஆடறது அதனால எப்படி விளைஞ்சதுன்னு எழுதிக் கொடுங்க. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

எழுத்தில்! ஆறு வருடத்தில் திட்டியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, கைப்பேசியை அங்கேயே போட்டு உடைத்துவிட்டு, ஈரமே படவில்லை என்று நிரூபித்துப் போனவர்கூட உண்டு. எழுத்தில் கேட்டவர் ஒருவரும் இல்லை. முடியாது சார் எழுந்து மேலாளர் அறைக்குப் போனார்.

"எழுத்துலயா? யாரு, வக்கீலா?" என்றார் மேலாளர்.

"தையல்காரங்க சார்."

மேலாளர் உடனடியாக 'உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' கூட்டினார். மூன்று பேர் கலந்துகொண்டார்கள். ஒருவர் டீ கொண்டுவந்தவர். காகிதக் கோப்பைப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து, இதுவரை யாரும் தொடாத 'நிராகரிப்பு விளக்கப் படிவம்' ஒரு கட்டு கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்றே கேள்விகள். மாற்றம் என்ன? மாற்றியவர் யார்? மாற்றத்தால் பழுது விளைந்தது எப்படி?

முதல் இரண்டு கேள்விகளும் இரண்டே நிமிடத்தில் தீர்ந்தன. மூன்றாவதில் கூட்டம் நாற்பது நிமிடம் நின்றது. "சாஃப்ட்வேர் மாறினா கரண்ட் வேற மாதிரி ஓடும், அந்த வேகத்துல ஓட்டை ஆடும்னு எழுதலாமா சார்?" என்றார் டீக்காரர். "அதெல்லாம் டெக்னிக்கலாப் போயிடும், வேணாம்" என்றார் மேலாளர். கடைசியில் ஒரு சொல்லில் உடன்பாடு ஏற்பட்டது.

தையல்காரம்மா படிவத்தை வாங்கிப் படித்தார். மாற்றம்: மென்பொருள். மாற்றியவர்: வாடிக்கையாளர். பழுது விளைந்தது எப்படி: விளைந்தது.

"எப்படின்னு கேட்டிருக்கு. 'விளைந்தது'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. அப்படித்தான் விளைஞ்சுது."

தையல்காரம்மா படிவத்தை நான்காக மடித்து, உத்தரவாதப் புத்தகத்துக்குள் வைத்து, நேரே நுகர்வோர் மன்றத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார். தலைமையகம் புளகாங்கிதம் அடைந்தது. 'நிராகரிப்புகளை ஆவணப்படுத்தும் இந்த முன்மாதிரி முயற்சியை' பாராட்டி, இனி ஒவ்வொரு நிராகரிப்புக்கும் படிவம் கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டது. முடியாது சாருக்கு அது புது வாழ்வாக இருந்தது. அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கணினி வந்த பிறகு அதற்கு வேலையில்லாமல் போயிருந்தது. இப்போது மூன்று கட்டங்களையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பி, அடியில் முடிவையும் எழுதி, முத்திரை குத்தி, மேல் பிரதியை வாடிக்கையாளருக்கும் கீழ்ப் பிரதியை அலமாரிக்கும் கொடுத்தார். படிவத்தில் கேட்டதற்கு உள்ளது உள்ளபடி பதில் எழுதுவதில் ஒரு நிம்மதி இருப்பதையும் அவர் கவனித்தார்.

அடுத்த மாதம், கம்பெனி தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரு 'புதிய அனுபவத்தை' அன்பளிப்பாக அனுப்பிவைத்தது. அதாவது, எல்லாக் கைப்பேசிகளிலும் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அனுபவம் உண்மையிலேயே புதிதாக இருந்தது. திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு.

வியாழக்கிழமை காலை கதவு திறக்கும்போதே வரிசை படிக்கட்டு வரை நின்றது. மேலாளர் தலைமையகத்துக்குப் போன் போட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்கினப்ப இருந்த சாஃப்ட்வேர் இப்ப இல்லைதானே?"

"இல்லை சார்."

"அப்ப மாறியிருக்கு. வழக்கம்போலப் பண்ணுங்க. புரியுதா?"

புரியாமல் என்ன? முடியாது சார் பேனாவை எடுத்தார். முதலில் வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர்.

"மாத்தினது யாருங்க?"

"நான் எதையும் தொடலை சார். காலையில எடுத்துப் பார்த்தா 'இப்போதே புதுப்பி', 'கொஞ்சம் கழித்துப் புதுப்பி'ன்னு ரெண்டு பொத்தான். வேணாம்கறதுக்குப் பொத்தானே இல்லை. எதுவும் அமுக்காம வெச்சேன். அதுவே பண்ணிக்கிச்சு."

முடியாது சார் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். படிவம் தெளிவாகக் கேட்டது. பதிலும் தெளிவாகத்தான் இருந்தது. எழுதினார். மாற்றியவர்: நிறுவனம். பழுது விளைந்தது எப்படி: நிறுவனம் அனுப்பிய மென்பொருள் ஏறிய பத்தாம் நிமிடம் திரையில் கோடு விளைந்தது. முடிவு: நிராகரிக்கப்பட்டது. முத்திரை. "அடுத்து!"

இருபத்தேழாவதாக வரிசையில் வந்தது அவருடைய மனைவி.

"என்னங்க, இதைப் பாருங்களேன்."

"மாத்தினது யாருங்க மேடம்?"

"நீங்கதான்! காலையில காபி குடிச்சுக்கிட்டே 'இப்போதே புதுப்பி'யை அமுக்கினது யாரு? நான் வேணாம்னு சொல்லச் சொல்ல?"

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முடியாது சார் குனிந்து எழுதினார். மாற்றியவர்: நிறுவனம், பரிசோதகரின் விரல் வழியாக. முடிவு: நிராகரிக்கப்பட்டது. மனைவி படிவத்தைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மட்டும் அறுபத்து மூன்று படிவங்கள். மேலாளர் கீழ்ப் பிரதிகளைப் புரட்டிப் பார்த்தது திங்கட்கிழமைதான். அதற்குள் அறுபத்து மூன்று மேல் பிரதிகளும் நுகர்வோர் மன்றம் போய்ச் சேர்ந்துவிட்டன. அனுப்பி வைத்த முதல் ஆள் பேருந்து ஓட்டுநர். மற்றவர்களுக்கு அவரே வழியும் சொல்லியிருந்தார்.

"ஏன்யா 'நிறுவனம்'னு எழுதின?"

"படிவத்துல கேட்டிருந்தது சார்."

"கேட்டா எழுதிடுவியா? ஆறு வருஷ சர்வீஸ் உனக்கு! விசாரணைக்கு வந்து, தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடு. வேலையாவது மிஞ்சும்."

அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, தன் கையால் எழுதியது தப்பு என்று சபையில் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் பெரிதாக இருந்தது. மனைவி தட்டை எடுத்துக்கொண்டே, "என் ஃபோன்ல கோடு விழுந்தது நிஜந்தானே?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணை அறையில் நாற்காலி போதவில்லை. அறுபத்து மூன்று பேரும் சுவரோரமாக நின்றார்கள். தையல்காரம்மாவின் வழக்கும் அதே நாளில் வந்திருந்தது. அவர் முன்வரிசையில் மடியில் ஒரு ரவிக்கையை வைத்துக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். மன்றத் தலைவர், கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு படிக்கும் ஓர் அம்மாள்.

கம்பெனி வழக்கறிஞர் கம்பீரமாக எழுந்தார். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று முடியாது சார் சாட்சி சொல்லும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. அதைவிடப் பலமான வாதம் அவரிடம் இருந்தது.

"கனம் தலைவர் அவர்களே, இந்தப் படிவங்கள் செல்லாது. இதை எழுதியவருக்குக் கைப்பேசியைப் பற்றி எதுவுமே தெரியாது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் இவர் சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு கைப்பேசியைக்கூட இவர் திறந்து பார்த்ததில்லை. எந்தப் பழுது எதனால் விளைந்தது என்று சொல்ல இவருக்கு அறவே தகுதி கிடையாது!"

தலைவர் முடியாது சாரைப் பார்த்தார். "இவர் சொல்றது சரியா?"

"சரிதாங்க மேடம்."

"கம்பெனியில பயிற்சி எதுவும் கொடுக்கலையா?"

"அரை நாள் கொடுத்தாங்க மேடம். முடியாதுன்னு சொல்றப்ப பல்லு எவ்வளவு தெரியணும்னு."

"பழுதைப் பத்தி?"

"அது தெரிஞ்சா சொல்லத் தயக்கம் வரும்னு சொல்லிட்டாங்க."

வழக்கறிஞர் வெற்றிப் புன்னகையோடு அறையைச் சுற்றிப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆக, பழுதுக்குக் காரணம் சொல்ல இவருக்குத் தகுதியில்லை. இதுதானே உங்க வாதம்?"

"மிகச் சரி."

"அப்ப இந்த அம்மாவோட சார்ஜ் ஓட்டைக்கும் இவர் சொன்ன காரணம் செல்லாதுதானே?"

வழக்கறிஞர் தன் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். தையல்காரம்மா கொக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பழுது எதனால வந்ததுன்னு காட்ட வேண்டியது நீங்க. காட்டத் தெரியாத ஆளை நீங்களே உட்கார வெச்சிருக்கீங்க" என்ற தலைவர், முடியாது சார் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் மொத்தம் எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பினீங்க?"

"ஆட்சேபிக்கிறேன்!" என்றார் வழக்கறிஞர். மேலாளர் பின்வரிசையிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். முடியாது சார் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு, கேள்வி கேட்டவரைப் பார்த்தார்.

"ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினேழு பேர், மேடம்."

தலைவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்.

வெளியே படியிறங்கும்போது தையல்காரம்மா கூடவே வந்தார். "வேலை போயிடுமா சார்?"

"போயிடும்மா."

"நல்லா எழுதறீங்க. எங்கயாவது எழுதற வேலை கிடைக்காமயா போயிடும்?" என்றார் அவர்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. ஓட்டையைச் சரிசெய்ய வேண்டும். அறுபத்து மூன்று திரைகளையும் மாற்ற வேண்டும். மற்ற ஒன்பதாயிரம் சொச்சம் பேரையும் திரும்ப அழைத்து, தொழில் தெரிந்தவரை வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாளே கம்பெனி எல்லாப் பத்திரிகைகளிலும் அரைப் பக்க விளக்கம் வெளியிட்டது:

"எங்கள் பரிசோதனைப் பிரிவில் நேர்மைக் குறைபாடு இருந்ததாகப் பரவும் செய்தியில் உண்மை இல்லை. ஒரே ஓர் ஊழியரிடம் அது இருந்தது கண்டறியப்பட்டு, அவர் உடனடியாக நீக்கப்பட்டுவிட்டார்."

விளம்பரத்தைத் தயாரித்தவர் 'அது' என்று குறிப்பிட்டது குறைபாட்டையா, நேர்மையையா என்று மேலாளர் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார். நேர்மையைத்தான் என்று எழுத்திலேயே பதில் வந்தது.