அப்பாவுக்குப் போட்டியாக வந்த பெட்டி

எங்கள் வீட்டில் அம்மாவின் பாராட்டு ரேஷனில்தான் கிடைக்கும். அந்த ரேஷனையும் மாடி வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார் என்பது அப்பாவின் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வண்டியில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டில் கிடையாது.

அம்மாவுக்குச் செல்போன் ரிப்பேர் கடை. அன்று கடையிலிருந்து வந்ததும் ஆரம்பித்தாள்.

"மாடி வீட்டுக்காரர் கரண்ட் மிச்சம் பிடிக்கிற பெட்டி ஒண்ணு வாங்கியிருக்காராம். பிளக்ல சொருகினாலே போதுமாம். என்னா மூளை!"

இந்த 'மூளை'யை அம்மா மாதிரியே எனக்கும் சொல்ல வரும். 'மூ'வை ஒரு முழம் இழுக்க வேண்டும். அப்பா இல்லாத இடத்தில் இழுப்பது உடம்புக்கு நல்லது.

மறுநாளே அப்பா கையில் ஒரு பெட்டி. சோப்புக்கட்டி அளவு. சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அப்பா முகமும் எரிந்தது.

"இந்த மாசம் யூனிட் குறையுதா இல்லையா பாரு. குறைஞ்சா அந்த ஆளோட புகழை இந்த வீட்ல பாடக்கூடாது!"

"குறையலன்னா?"

"ஆயுசுக்கும் பாடிக்கோ."

"சரிங்க. ஆனா பெட்டிதான் குறைக்கணும். ஃபேன், ஹீட்டர், டிவி எல்லாம் வழக்கம்போல ஓடணும்."

"நான் எதுக்குடி கை வைக்கப்போறேன்?"

நான்கு நாள் மீட்டர் முன்னால் நின்று பார்த்தார். அது எப்போதும்போலவே சுற்றியது. ஐந்தாம் நாள் கை வைத்தார்.

வெந்நீர் போயிற்று. பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க, "ஸ்ஸ்... ஹா... என்னா சூடு!" என்று குளியலறைக்குள்ளிருந்து கத்துவார். சட்டையை மெத்தைக்கு அடியில் விரித்து, மேலே தானே படுத்து இஸ்திரி போட்டார். நேராகப் படுத்தால் சட்டை, குப்புறப் படுத்தால் பேன்ட். மேட்ச் அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு, தெருமுனை சலூன் வாசலில் நின்று பார்த்தார். அம்மா அறையை விட்டு ஒரு கால் எடுத்து வைத்தால் போதும், ஃபேன் மூச்சை விட்டுவிடும்.

மாதக் கடைசியில் ரசீது வந்தது. போன மாதம் இருநூற்றுப் பத்து யூனிட். இந்த மாதம் நூற்று நாற்பது.

அப்பா நெஞ்சை நிமிர்த்திப் பாராட்டுக்காக நின்றார். அம்மா அவரைத் தாண்டிப் போனாள். முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள்.

"என் ராஜா! எழுபது யூனிட்டாடா குறைச்சே?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "வாங்கினது நான்."

"வாங்கறது யார் வேணா வாங்கலாங்க. உழைச்சது இதுதானே? இருபத்துநாலு மணி நேரமும் வேலை. ஒரு முணுமுணுப்பு இல்ல. சிலபேர் மாதிரி சோபால விழுந்து கிடக்கல."

மூன்று நாள் இப்படியே ஓடியது. காலையில் எழுந்ததும் பெட்டிக்கு, "கண்ணு, நல்லாத் தூங்கினியா?" அப்பாவுக்கு, "நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க." மாடி வீட்டுக்காரராவது மனுஷன். இது பிளாஸ்டிக். அப்பா சாப்பிடும்போதும் அதை முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

நான்காம் நாள் அம்மா பெட்டிக்குப் பொட்டுபோல ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினாள். அவ்வளவுதான். குக்கர் வெடித்தது.

"அது ஒரு மண்ணும் பண்ணலடி! நான்தான் குறைச்சேன்! பச்சைத்தண்ணில குளிச்சது நானு! சட்டைமேல படுத்தது நானு! சலூன் வாசல்ல கால் கடுக்க நின்னது நானு! அது சும்மா எரிஞ்சுட்டு நிக்குது!"

பெட்டி பச்சையாகச் சிரித்தது.

அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே இரண்டு கம்பித்துண்டு, சுண்டைக்காய் அளவு ஏதோ ஒன்று.

"வந்த அன்னைக்கே திருப்புளியால திறந்து பார்த்துட்டேன். உள்ள இருந்ததே இவ்வளவுதான். வெளக்க மட்டும் விட்டுட்டு மத்ததக் கழட்டிட்டேன். எழுபது யூனிட்டும் உங்க வேலைதான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா..."

"நீங்களா சொல்லட்டும்னுதான். சரி, பெட்டி வேண்டாம். நீங்களே போதும். அடுத்த மாசமும் நூத்தி நாப்பதத் தாண்டக்கூடாது."

அப்பா தலையாட்டினார். வேறு என்ன ஆட்ட முடியும்? கொஞ்சம் பொறுத்து, ஏக்கத்தோடு கேட்டார். "அப்போ பாராட்டு எனக்குத்தானே?"

"மாடி வீட்டுக்காரரும் இப்படித்தான் திருட்டுத்தனமா ஃபேன அணைச்சாராம். ஆனா ரெண்டே நாள்ல பொண்டாட்டிகிட்ட ஒத்துக்கிட்டாராம்," என்றாள் அம்மா. "என்னா மனசு!"